ஓமந்தையைத் தாண்டிய கொப்பி

ஏழாம் ஆண்டில் ‘எனது வீடு’ என்று கட்டுரை எழுதச் சொன்னால் எங்கள் வகுப்பில் எல்லா வீட்டுக்கும் முன்னால் ஒரு பூந்தோட்டம் இருக்கும். உள்ளே வரவேற்பறை, நான்கு அறைகள், பின்னால் ஒரு கிணறு, கிணற்றடியில் வாழை. மாலையில் அப்பா சாய்மனைக் கதிரையில் அமர்ந்து பத்திரிகை வாசிப்பார். எழுதியவர்கள் எல்லோரும் லயத்துப் பிள்ளைகள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, அதையும் மறித்து ஒரு படுக்கை. அதற்குள் ஏழெட்டுப் பேர். கிணறு என்ற ஒன்றைப் பாதிப் பிள்ளைகள் கண்ணால் கண்டதில்லை. பொய் எழுதுகிறோம் என்ற நினைப்பும் அவர்களுக்கு இல்லை. கட்டுரைக்குள் வருகிற வீடு அப்படித்தான் இருக்கும் என்று நம்பினார்கள்.

அந்தக் கட்டுரைகளை வாசிக்கிற ஒரே ஆள் நான். சிவப்புப் பேனையோடு வாசிக்கிறவள். லயம் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்; எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். தெரிந்தவரிடம் தெரிந்ததைச் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? ஆகவே புத்தகத்து வீட்டை எழுதி, பத்துக்கு ஆறோ ஏழோ வாங்கிக்கொண்டு, கொப்பியை மூடிவிடுவார்கள்.

பாடசாலை தெல்தோட்டைப் பக்கம். கண்டியில் பஸ் ஏறினால் கெட்டம்பே, பேராதனை தாண்டி, பல்கலைக்கழகத்துக்கு நடுவாலேயே போகும் கலஹா வீதியில் ஏறும். ஹந்தானை மலையை ஒட்டி வளைந்து வளைந்து கலஹா, அதற்குப் பிறகு தெல்தோட்டை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை வைத்த லூல்கந்துர தோட்டமும் அந்தப் பக்கத்து மலையில்தான் இருக்கிறது. நாட்டுக்குத் தேயிலையைக் கொடுத்த அந்த மலைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆறுதலாகத்தான் வந்தது. எழுபதுகளில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும்வரை தோட்டப் பள்ளி என்றால் ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முடிவு. எண்பதுகளில் சுவீடன் அரசின் ‘சீடா’ உதவியோடு நடந்த திட்டத்தில் பல தோட்டங்களுக்குக் கட்டடம் வந்தது. எங்களுக்கும் அப்படி வந்த மண்டபம்தான். நான் தமிழ் ஆசிரியையாக அங்கே போனது தொண்ணூறுகளின் நடுவில்.

கட்டுரையில் பூந்தோட்டம் வளர்க்கும் அதே பிள்ளைகள் வேறோர் இடத்தில் வேறு மாதிரி எழுதுகிறார்கள் என்பது தற்செயலாகத்தான் எனக்குத் தெரியவந்தது. ஒரு பையன் தவறுதலாகத் தமிழ்க் கொப்பிக்குள் ஒரு கடிதத்தை வைத்துத் தந்துவிட்டான். கோத்தகிரியில் இருக்கும் பெரியப்பாவுக்கு அவனுடைய அப்பாயி சொல்லச் சொல்ல அவன் எழுதியது. “தொங்க லயத்துக் கூரைத் தகரம் காத்துல போயிருச்சு. நாலு குடும்பம் கோயில்ல படுத்துக் கெடக்குது. நீ பாத்து வச்ச பலாமரத்த வெட்டிப்புட்டாங்க. செவப்பி கன்னு போட்டுருக்கு, கெடாரி.” நான்கு வரிக்குள் தோட்டமே இருந்தது. கட்டுரைக்குப் பத்தில் நான்கு வாங்குகிற பையன் அவன்.

அவனைப் போல் எத்தனையோ பேர் இருந்தார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இங்கே பிரசாவுரிமை கொடுக்கவும் முடிவு செய்தது. மிச்சம் 150,000 பேரின் கணக்கைப் பத்து வருடம் கழித்துப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களில் பலர் நீலகிரியில் கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடி தேயிலைக்கே போனார்கள். ஒரே லயத்தில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே. நடுவில் கடிதம். எழுதத் தெரியாத பாட்டிமாருக்குப் பேரப்பிள்ளைகள்தான் எழுத்தர். அந்தக் கடிதத்துக்கு மறுமுனையில் ஒருவர் காத்திருக்கிறார், பலாமரம் வெட்டுப்பட்டது அவருக்குத் தெரியாது, சொன்னால் மனம் வருந்துவார். என் கட்டுரைத் தலைப்புகளுக்கு மறுமுனையில் அப்படி ஒருவரும் இல்லை.

2000 யூனில் மருத்துவர் தி. ஞானசேகரன் ‘ஞானம்’ மாத இதழைக் கண்டியிலிருந்து தொடங்கினார். ஒரு நாள் அதை வகுப்புக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை, முகவரியைத்தான் பார்த்தார்கள். “கண்டியிலயா டீச்சர் அடிக்கிறாங்க?” பத்திரிகை என்றால் கொழும்பிலிருந்து வருவது, இல்லாவிட்டால் மதராசிலிருந்து வருவது என்பது அவர்கள் எண்ணம். அன்றைக்குப் பாடத்தை விட்டுவிட்டு அவர்களுக்குக் கதை சொன்னேன். கண்டிச் சட்டத்தரணி சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியதையும், பள்ளிக்கூடங்கள் திறந்ததையும், 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்ற நாவலை வெளியிட்டதையும் சொன்னேன். கல்ஹின்னைக் கிராமத்து எஸ்.எம். ஹனிபா ‘தமிழ்மன்றம்’ என்ற பெயரில் புத்தகம் புத்தகமாகப் போட்டதைச் சொன்னேன். வீரகேசரியில் எஸ்.எம். கார்மேகம் நடத்திய ‘தோட்ட மஞ்சரி’ பக்கத்தால் அறுபதுகளில் தோட்டத்து இளைஞர்கள் கதைக்காரர்கள் ஆனதையும் சொன்னேன். கடைசி வாங்கில் இருந்து ஒரு குரல் வந்தது: “அப்ப நாமளும் ஒன்னு போடலாமா டீச்சர்?”

போட்டோம். ஒரு சி.ஆர். கொப்பி, ஆளுக்கு ஒரு பக்கம். கையெழுத்து நல்லவர்கள் இருவர் இரண்டு பிரதி எடுப்பார்கள், படம் கீறுகிறவன் இரண்டிலும் கீறுவான். பெயர் வைப்பதில்தான் சண்டை. தளிர் என்றார்கள், மலைச்சாரல் என்றார்கள், நடிகர் பெயர்கூட வந்தது. இரண்டு கிழமை இழுபட்டுக் கடைசிவரை பெயர் வைக்கப்படவே இல்லை. ‘கொப்பி’ என்றே நின்றுவிட்டது. ஒரு பிரதி வகுப்பில் தொங்கும். மற்றது தினம் ஒரு வீட்டுக்குப் போகும். பெரட்டுக் களத்திலும் பிள்ளைக் காம்பராவிலும் கொப்பியைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அதிபர் ஒரு நாள், “டீச்சர், பாடத்திட்டம் முடியுமா?” என்று கேட்டார். முடியும் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

ஆனாலும் லயத்துக்குள் சுற்றுகிற கொப்பி தெரிந்தவர்களுக்குள்தான் சுற்றியது. பூந்தோட்டம் குறைந்தது, சரி. அதற்குப் பதில் ஊர்ப் பகிடிகளும் பட்டப்பெயர்களும் நிறைந்தன. எழுதியவனுக்கும் வாசிப்பவனுக்கும் எல்லாமே முன்னமே தெரியும். எதையும் விளக்கத் தேவையில்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது. ஏப்ரல் 8ஆம் திகதி ஏ9 வீதி பொதுமக்களுக்குத் திறந்தது. அந்த வீதி தொடங்குவது கண்டியில்தான் என்பது கண்டிக்காரர் பலருக்கே நினைவில்லை. எங்களுக்கு அது மாத்தளை ரோட். அக்குறணை, மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்று ஏறத்தாழ 320 கிலோமீற்றர் போய் யாழ்ப்பாணத்தில் முடியும். எத்தனையோ வருடமாக வவுனியாவுக்கு அப்பால் அது எங்களுக்கு வரைபடத்தில் ஒரு கோடு மட்டும்தான். அந்த ஓகஸ்டில் என் பேராதனைத் தோழி குடும்பத்தோடு பெரஹரா பார்க்க வந்தாள். சங்கமித்தா விடுதியில் ஒரே அறையில் இருந்தவள். வடமராட்சியில், பருத்தித்துறைக் கரையோரப் பாடசாலை ஒன்றில் தமிழ் படிப்பிக்கிறாள். இரவு பெரஹரா முடிந்து வந்து, நான் திருத்துவதற்குக் கொண்டுவந்திருந்த கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு விடியும்வரை வாசித்தாள். காலையில், “இதை நான் கொண்டு போறன். எங்கட பிள்ளையள் வாசிக்கட்டும்” என்றாள்.

மூன்றாம் தவணையில் பார்சல் வந்தது. பேராதனையில் படிக்கும் பருத்தித்துறைப் பையன் ஒருவன் கொண்டுவந்து கொடுத்தான். பாராட்டுக் கடிதங்கள் இருக்கும் என்று பிள்ளைகள் எதிர்பார்த்தார்கள். இருந்தவை கேள்விகள். “நீங்கள் குளிக்கிற கிணறு எத்தனை பாகம் ஆழம்?” “தேயிலை மரத்தில ஏறித்தான் இலை பிடுங்குறனீங்களோ? விழுந்தால் காயம் வராதோ?” “அட்டை கடிச்சால் எவ்வளவு ரத்தம் போகும்?” “மலை உங்களுக்கு மேல சரிஞ்சு விழாதோ? இரவில எப்பிடி நித்திரை கொள்ளுறனீங்கள்?” வகுப்பு சிரித்துச் சிரித்து ஓய்ந்தது. பிறகு ஒருத்தி எழுந்து, “டீச்சர், இவங்களுக்கு ஒன்னுமே தெரியல. நாமதான் சொல்லணும்” என்றாள். ஏழாம் ஆண்டில் பூந்தோட்டமும் கிணறும் வைத்து வீடு கட்டியவளும் அவள்தான்.

கிணற்றுக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அவளுக்குப் போனது. கிணறு இல்லை, பீலிதான் என்று முதல் வரியிலேயே எழுதினாள். அதோடு விட்டால் அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? எங்கிருந்து தண்ணீர் வருகிறது, குழாயை எங்கே பூட்டியிருக்கிறது, எத்தனை குடும்பத்துக்கு ஒரு பீலி, விடியற்காலையில் வரிசையில் யார் முதல் என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில் அவள் ஒரு குடத்தை வைத்து எண்ணியும் பார்த்திருக்கிறாள். மழைக்காலத்தில் குடம் நிறைய நூறு எண்ண வேண்டும். வெயில் காலத்தில் முந்நூறு எண்ணினாலும் கழுத்துக்கு வராது, பின்னால் நிற்பவர்கள் ஏசுவார்கள். அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத வசனம். தேயிலை மரத்தில் ஏறுவது பற்றிக் கேட்டவனுக்கு இன்னொருவன் கவ்வாத்து வெட்டுவதை எழுதினான். வெட்டாமல் விட்டால் தேயிலை உண்மையிலேயே மரமாகிவிடும், தோட்டத்தின் எல்லையில் அப்படி ஒன்று நிற்கிறது, ஆகவே நீ கேட்டது முழுப்பிழை இல்லை என்று பெரிய மனிதன் மாதிரி முடித்திருந்தான். இன்னொருத்தியின் பக்கத்தில் அவளுடைய அம்மாவின் ஒரு நாள் கொழுந்துக் கணக்கு இருந்தது: எத்தனை கிலோ எடுத்தார், கூடைக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் எவ்வளவு கழித்தார்கள், பேர் விழ இன்னும் எவ்வளவு குறைந்தது. அம்மாவிடம் அவள் அதையெல்லாம் கேட்டது அதுதான் முதல் தடவை.

திருத்துகிற வேலையும் மாறிப்போனது. முன்பெல்லாம் சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடுவார்கள். இப்போது எழுதி முடிக்கும் முன்பே மேசைக்கு வருவார்கள். “இது அவங்களுக்கு வெளங்குமா டீச்சர்?” பிழையா சரியா என்று கேட்டவர்கள் விளங்குமா என்று கேட்கத் தொடங்கியபோதுதான் எனக்கே என் தொழில் பிடிபட்டது என்று சொல்ல வேண்டும். எழுத்துப் பிழைகள் தாமாகவே குறைந்தன. அந்தப் பக்கத்தில் ‘ழ’வையும் ‘ள’வையும் பிரித்து எழுதுகிறார்கள் என்பதைக் கவனித்து, மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு திருந்தியவர்கள் பலர்.

இதே வேலையை எண்பது வருடங்களுக்கு முன் ஒருவர் செய்திருக்கிறார் என்று பிற்பாடு ஒரு பயிற்சி வகுப்பில் கேள்விப்பட்டேன். செலஸ்தேன் ஃப்ரெனே என்ற பிரெஞ்சு ஆசிரியர். முதலாம் உலகப் போரில் நுரையீரலில் குண்டு பட்டவர். நெடுநேரம் உரத்துப் பேசிப் படிப்பிக்க மூச்சு இடம் கொடுக்கவில்லை. தெற்குப் பிரான்சின் பார்-சூர்-லூப் என்ற மலைக் கிராமத்தில் 1920களில் அவர் ஒரு சின்ன அச்சு யந்திரத்தை வகுப்புக்குள் கொண்டுவந்தார். உலாவப் போய்வந்து பிள்ளைகள் எழுதியதைப் பிள்ளைகளே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். அச்சடித்த தாள்களை நாட்டின் மறுகோடியில், பிரித்தானி கடற்கரையில் ஆசிரியராக இருந்த ரெனே தானியேலின் வகுப்புக்கு அனுப்பினார்; அங்கிருந்தும் தாள்கள் வந்தன. மலைப் பிள்ளைகளுக்குக் கடல் வந்தது, கடற்கரைப் பிள்ளைகளுக்கு மலை போனது. அதிலிருந்து ஓர் ஆசிரியர் இயக்கமே உருவாகி, இன்றும் பல நாடுகளில் நடக்கிறது. எங்களிடம் அச்சு யந்திரம் இல்லை. தெல்தோட்டையில் ரோனியோ பண்ணுவதற்குக்கூடக் காசு பார்க்க வேண்டும். இருந்தாலும் அவருடைய கணக்கும் எங்கள் கணக்கும் ஒன்றுதான்: மலையில் இருப்பவனுக்குக் கடலோரத்தில் ஒரு வாசகன்.

போக்குவரத்து எங்களுடையது கொஞ்சம் சிக்கலானது. ஓமந்தையில் இராணுவம் பையைத் திறக்கும்; அதைத் தாண்டியதும் புலிகள் திறப்பார்கள். முகமாலையில் மறுபடி இரண்டு தரம். பல்கலைக்கழகப் பிள்ளைகள் விடுமுறைக்குப் போகும்போது சோற்றுப் பார்சலோடு எங்கள் கொப்பியும் போகும். ஒரு முறை பிள்ளைகள் தோட்டத்தின் வரைபடம் ஒன்றைப் பெரிதாகக் கீறி நடுப்பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். கொண்டுபோக வந்த பையன் அதைப் பார்த்ததும், “படம் எண்டால் பிரச்சினை இல்லை டீச்சர். வரைபடம் மட்டும் வேண்டாம்” என்றான். கிழித்து எடுத்தோம். அதற்குப் பதிலாக, பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து தன் காம்பரா வாசல்வரை எப்படி வருவது என்பதை ஒவ்வொருவரும் வசனமாக எழுத வேண்டும் என்றேன். இடது, வலது, பாலம், கோயில், ஸ்டோர், மாடசாமி கல், ஏற்றம், எத்தனையாவது லயம், எத்தனையாவது கதவு. மொழிப் பயிற்சியாக அதைவிட நல்ல ஒன்றை நான் பிறகும் கண்டுபிடிக்கவில்லை.

அந்த வசனங்களிலிருந்துதான் முகவரிப் பிரச்சினை கிளம்பியது. பருத்தித்துறைப் பிள்ளைகள் கடிதத்தின் தலையில் வீட்டு இலக்கம், ஒழுங்கை, ஊர் என்று போடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இல்லை. தோட்டத்துக்கு வரும் தபாலெல்லாம் ஒரே பையில் ஒப்பீசுக்குப் போகும். அங்கிருந்து கொழுந்து நிறுக்கிற இடத்தில் கொடுக்கலாம், கோயிலடிக் கடையில் கொடுக்கலாம், மறந்தும் போகலாம். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்தபின் கையில் கிடைத்த கதை எல்லா லயத்திலும் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் தாங்களாகவே லயங்களுக்கு எழுத்தும் காம்பராக்களுக்கு இலக்கமும் போட்டார்கள். கரித்துண்டால் கதவில் எழுதி ஏச்சு வாங்கினார்கள். அந்த இலக்கத்தைத் தபால்காரர் ஏற்றுக்கொள்ளப் போவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். ஆகவே உறையில் பாடசாலை முகவரி. உள்ளே கடிதத்தின் தலையில் ‘சி லயம், இலக்கம் 7’. தன் பெயருக்குக் கீழே ஒரு வாசல் இலக்கம் எழுதிப் பார்க்கிற சந்தோசத்துக்காகவே சில பேர் இரண்டு கடிதம் எழுதினார்கள்.

கேள்விகள் வரவரக் கனமாகின. ஒருத்தியின் பாட்டி சொன்ன கதை கொப்பியில் வந்திருந்தது. பாட்டியின் பாட்டன் கப்பலில் மன்னார்க் கரைக்கு வந்து, காட்டு வழியே மாத்தளைவரை நடந்தாராம். கூட வந்தவர்களில் பலர் வாந்திபேதியில் வழியிலேயே போய்விட்டார்களாம். அதை வாசித்த வடமராட்சிப் பையன் கேட்டான்: “மன்னாரில இறங்கினால் யாழ்ப்பாணம் கிட்டத்தானே. ஏன் எங்கட பக்கம் வராமல் அவ்வளவு தூரம் நடந்தவை?” வகுப்பில் யாருக்கும் பதில் தெரியவில்லை. நான் உடனே சொல்லவில்லை. வீட்டில் கேட்டுவரச் சொன்னேன். “கங்காணி கூட்டிட்டு வந்தான், கடன் இருந்துச்சு, நாமளா வழிய தேர்ந்தெடுத்தோம்?” என்று ஒரு தாத்தா சொல்லியனுப்பினார். அது அப்படியே பதிலாகப் போனது. 1948இல் பிரசாவுரிமை பறிபோன சட்டத்தை வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியாகக் கடந்துவிடுகிற பிள்ளைகள், “உங்கட அப்பப்பாவுக்கு ஏன் வோட் இல்லை?” என்ற கேள்வி வந்தபிறகு பெட்டியில் இருக்கும் பழைய துண்டுகளைத் தேடி எடுத்தார்கள். 2003 ஒக்டோபரில் நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியபோது அது எங்கள் கொப்பியில் முதல் பக்கச் செய்தி.

எதிர்பாராத உறவுகளும் வந்தன. ஒரு சிறுமி எழுதியிருந்தாள்: “என்ர அம்மம்மா பிறந்தது கலஹாவில. 77 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிக்கு வந்து, பிறகு இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து இஞ்ச வந்தவ. உங்கட கொப்பியை அவவுக்கு வாசிச்சுக் காட்டினன். அழுதுபோட்டு, ஸ்டோர்ச் சங்கு இப்பவும் ஊதுதோ எண்டு கேட்டவ.” ஊதுகிறது என்று பதில் எழுதினோம். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த மலைவரை கேட்கும் என்பதையெல்லாம் சேர்த்து எழுதினோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். கண்டியில் கோயிலுக்குப் போய்வந்து வானொலியைப் போட்டபோது கடல் ஊருக்குள் வந்த செய்தி ஓடிக்கொண்டிருந்தது. முதலில் காலி, அம்பாறை, மட்டக்களப்பு, பிறகு முல்லைத்தீவு, பிறகு வடமராட்சி. தோழி உயிரோடு இருக்கிறாள் என்று தெரிய நான்கைந்து நாள் ஆனது. அவளுடைய வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் இல்லை. சனவரியில் பாடசாலை தொடங்கியபோது எங்கள் பிள்ளைகள் ஒன்றும் கேட்காமல் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களில் கடலை நேரில் கண்டவர்கள் ஒருவரோ இருவரோதான். மற்றவர்களுக்குக் கடல் என்றால் அந்தக் கடிதங்களில் வந்த கடல்: விடியப்புறம் வள்ளம் இழுக்கிறது, வாடைக் காற்றில் உறுமுகிறது, சோழகத்தில் அடங்கிக் கிடக்கிறது.

என்ன எழுதி அனுப்புவது? ஆறுதல் கடிதம் எழுத முயன்றார்கள். எல்லாம் மறுபடி பூந்தோட்டம் வைத்த வீடாக வந்தது. செய்தித்தாளில் வாசித்த வார்த்தைகள், மேடையில் கேட்ட வார்த்தைகள். யாருக்கும் பிடிக்கவில்லை. கோத்தகிரிக்குக் கடிதம் எழுதிய அந்தப் பையன் சொன்னான்: “டீச்சர், அவங்க எழுதுனதெல்லாம் நம்மகிட்டத்தானே இருக்கு. அவங்க வீட்ல ஒன்னும் இருக்காதுல்ல?” இரண்டு வருடமாக வந்த கடிதங்கள், கட்டுரைகள், படங்கள் முழுவதும் அலுமாரியில் இருந்தன. ஒன்றுவிடாமல் நாங்கள் பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை அனுப்புவது என்று முடிவாயிற்று. ஒரு மாதம் வேறு எழுத்து வேலை இல்லை. ஒவ்வொருவரும் தனக்கு எழுதியவரின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பிரதி செய்தார்கள். இறந்துபோன ஒரு பிள்ளையின் கடிதங்களை யார் எழுதுவது என்பதில் மட்டும் தயக்கம் இருந்தது. அவளோடு எழுதிக்கொண்டிருந்தவளே எழுதினாள். யாரையும் உதவிக்கு விடவில்லை.

அந்தப் பார்சலைப் பற்றித் தோழி பின்னர் தொலைபேசியில் சொன்னாள். நிவாரணமாக வந்த கொப்பிகள் அங்கே மலையாகக் குவிந்திருந்தன. எல்லாம் வெள்ளைத் தாள். எழுதிய தாளோடு வந்தது இது ஒன்றுதான். ஒரு தாய் வந்து மகளின் கடிதங்களை வாங்கிக்கொண்டு போனார். வீட்டில் அந்தப் பிள்ளையின் எழுத்தென்று வேறொன்றும் மிஞ்சியிருக்கவில்லை. தன் பழைய கட்டுரையை வாசித்த இன்னொரு பையன், தங்கள் வீட்டு முற்றத்தில் எத்தனை தென்னை நின்றது என்று அதில் எழுதியிருந்ததைத் தகப்பனிடம் காட்டியிருக்கிறான்.

2006 ஓகஸ்டில் முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 மறுபடி மூடப்பட்டது. எங்கள் கடைசிக் கொப்பி வவுனியாவரை போய்த் திரும்பிவந்தது. தபாலில் போட்டுப் பார்த்தோம். ஒன்றிரண்டு போய்ச் சேர்ந்திருக்கலாம். அந்த வகுப்புப் பிள்ளைகள் சாதாரணதரப் பரீட்சைக்குப் போனார்கள், அதன்பிறகு கண்டிக்கும் கொழும்புக்கும் வேலைக்குப் போனார்கள். சிலர் ஆசிரியரானார்கள். 2009இல் போர் முடிந்து வீதி திறந்தபோது எழுதியவர்கள் இருபக்கமும் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டிருந்தார்கள். குடத்தை வைத்து எண்ணியவள் இப்போது ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். மலையகத்தின் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்து 2023 யூலை, ஓகஸ்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்களோடு அவளும் சில நாட்கள் நடந்தாள். வடமராட்சிப் பையனின் கேள்வியை வழியில் இருந்தவர்களிடம் சொன்னாளாம். அதற்கு ஆளுக்கு ஒரு பதில் கிடைத்ததாம்.

ஓய்வுபெற்ற பிறகும் இளம் ஆசிரியர்கள் சிலர் வருகிறார்கள். பிள்ளைகள் எழுதமாட்டேன் என்கிறார்கள், எல்லாவற்றையும் போனில் பார்த்து எழுதிவிடுகிறார்கள் என்பது அவர்களின் குறை. என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. தலைப்பைக் கொடுக்கும் முன் வாசிக்கப்போகிற ஆளைக் கொடுங்கள். அந்த ஆளுக்குப் பிள்ளையின் உலகம் தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்துகொள்ள ஆசை இருக்க வேண்டும். பாராட்டுகிறவர் தேவையில்லை, கேள்வி கேட்கிறவர் வேண்டும். பிள்ளைகள் எழுதுவதைப் படம் பிடித்து வட்சப்பில் போட்டால் நூறு கைதட்டல் வருகிறது. ஒரு கேள்வி வருவதில்லை. கைதட்டலுக்கு யாரும் குடத்தை வைத்து எண்ணிப் பார்க்க மாட்டார்கள்.

வாசகர் தூரத்தில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. தெல்தோட்டையைச் சுற்றிச் சிங்களப் பாடசாலைகளும் முஸ்லிம் பாடசாலைகளும் தோட்டப் பாடசாலைகளும் ஒரே பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கின்றன. ஒரே மழையில் நனைகிற பிள்ளைகளுக்கு ஒருவர் வீட்டில் மற்றவர் என்ன செய்கிறார் என்பது தெரியாது. இடைநிலை வகுப்புகளில் தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களமும் சிங்களப் பிள்ளைக்குத் தமிழும் இரண்டாம் மொழி. இருவருமே யாருக்கு எழுதுகிறோம் என்று தெரியாமல் ‘எனது பாடசாலை’ பற்றிப் பத்து வசனம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பத்து வசனத்தை இந்த வருடம் மாற்றிக்கொள்வது என்று என் பழைய மாணவியும் பக்கத்துப் பாடசாலைச் சிங்கள ஆசிரியை ஒருவரும் பேசி முடித்திருக்கிறார்கள். பல்கலைக்கழகப் பிள்ளைகளின் விடுமுறைக்காகக் காத்திருக்கும் தேவை இம்முறை இல்லை. கொப்பியைப் பிள்ளைகளே நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வரலாம்.